ரிவர்ஸ்டன் காற்றும் ஐந்து பெனியன்களும்

ஜனவரி 8, மாத்தளை

மருமகனுக்கு அடுத்த மாதம் கனடாப் பயணம். கட்டில் நிறையத் துணி: ஐந்து வெள்ளைப் பருத்திப் பெனியன், தடித்த ஜம்பர் ஒன்று, டொரொன்டோவிலிருந்து அவனுடைய அக்கா கொடுத்தனுப்பிய மெல்லிய கறுப்பு உள்சட்டை ஒன்று. போய் இறங்கியதும் ஸ்கீ பழகக் கூட்டிப்போவதாக அவள் சொல்லியிருக்கிறாள். பையன் அந்தக் கறுப்புச் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இதையா மாமா போட்டுக்கிட்டு பனியில போறது? நுளம்பு வலை மாதிரி இருக்கு."

மாமா ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். வாயால் விளக்கினால் எடுபடாது என்று முப்பது வருட வகுப்பறை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. "புதன்கிழமை ரிவர்ஸ்டன் போவோம். ஜம்பருக்குள்ள உன் பெனியனையே போட்டுக்கோ" என்றார்.

ஜனவரி 10, ரிவர்ஸ்டன்

மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரத்தோட்டையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் பாதை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் விளிம்பில் ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு மீற்றரைத் தொடுகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகை குறையும் என்பது மாமாவின் பழைய கரும்பலகைக் கணக்கு. ஆனால் ரிவர்ஸ்டனில் ஆளை அசைப்பது வெப்பமானி காட்டும் எண்ணல்ல, காற்று. காற்று அடித்து அடித்தே உச்சியில் மரங்கள் குள்ளமாகிக் கூனிப்போயிருக்கின்றன. சிங்களத்தில் இந்த மலைத்தொடருக்குத் தும்பறை என்று பெயர். மூடுபனி சூழ்ந்தது என்று பொருள் சொல்வார்கள்.

உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரத்துக்குப் போகும் ஏற்றத்தில் பையனுக்கு நன்றாக வேர்த்தது. "குளிரே இல்லையே" என்று ஜம்பரின் கழுத்தைத் தளர்த்திக்கொண்டான். மேலே போய் நின்று பத்து நிமிடம் ஆகவில்லை, பல் கிட்டியது.

மாமா காத்திருந்தது அதற்குத்தான். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும். ஈரத் துணி தோலோடு ஒட்டிக்கிடந்தால், அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக நீர் உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். போதாததற்கு, ஒரு லீற்றர் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வேண்டும். வெயிலில் அது வரம். இங்கே அதுவே வினை. ஜம்பர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அதற்கடியில் ஒரு நனைந்த துணி உட்கார்ந்திருக்கிறதே!

பாறை மறைவில் பெனியனைக் கழற்றி, அக்கா அனுப்பிய கறுப்பு உள்சட்டையை மாட்டிக்கொண்டான். அது மெரினோ ஆட்டுக் கம்பளி. மேலே அதே ஜம்பர். கீழே போய் இன்னொரு தடவை ஏறி வந்தார்கள். மறுபடியும் வேர்த்தது, பல் மட்டும் கிட்டவில்லை. கம்பளி இழை தன் எடையில் மூன்றிலொரு பங்குவரை ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், தோலுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. பொலியெஸ்டரின் வழி வேறு. இழை நீரை அநேகமாகக் குடிப்பதேயில்லை, வெளிப்பக்கம் தள்ளிவிடும். சீக்கிரம் காயும், விலையும் குறைவு. இரண்டாம் நாள் நாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜனவரி 11, மாத்தளை

முத்துமாரியம்மன் கோயில் வாசலில் பேச்சு பழைய காலத்துக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை கடந்து, கோப்பித் தோட்டங்களைத் தேடி மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் தென்தமிழ்நாட்டு வெயிலில் வளர்ந்தவர்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மலையில் அவர்களுக்குக் கிடைத்த குளிர்த்துணி கறுப்புக் கம்பளி. அதைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் மழையில் வேலை. துரைமார் அதை 'கம்ப்ளி' என்றார்கள். பல தோட்டங்களில் அதன் விலை தொழிலாளியின் கணக்கிலேயே ஏறியது.

"அப்ப அதுவும் கம்பளி, இதுவும் கம்பளியா?" என்றான் பையன். ஆட்டு மயிர்தான், பருமன்தான் வேறு. முப்பது மைக்ரோனைத் தாண்டிய இழை தோலைக் குத்தும். உள்சட்டைக்கான மெரினோ பெரும்பாலும் இருபதுக்குக் கீழே. பாட்டன்கள் கம்பளியை மேலே போர்த்தினார்கள், பேரன் உள்ளே உடுத்துகிறான்.

ஜனவரி 13, மாத்தளை

பெட்டி கட்டும் நாள். அக்காவிடம் இன்னும் இரண்டு உள்சட்டைக்குச் சொல்லலாமா, எந்தத் தடிப்பில்? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், தடிப்பானதே நல்லது என்று. ஸ்கீ ஓடுகிறவன் உடம்பு அடுப்பு மாதிரி. சதுர மீற்றருக்கு 150 கிராம் எடையுள்ள துணி போதும். குளிர்நாட்டு வேட்டைக்காரன் விடியுமுன் நடந்துபோய், பிறகு மணிக்கணக்கில் ஆடாமல் உட்கார்ந்திருப்பான்; அவனுக்கு 250 கிராம், நடக்கும்போது ஒன்று, உட்காரும்போது மாற்ற ஒன்று. (நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட காடு, இங்கே வேட்டை கூடாது. விடியலைப் படம்பிடிக்கப் பிட்டவல பத்தனைப் புல்வெளியில் காத்துக்கிடப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.) சட்டை தோலோடு ஒட்டி நிற்க வேண்டும், மணிக்கட்டை இறுக்கக் கூடாது.

நுளம்பு வலைப் பகிடியை மாமா மறக்கவில்லை. 1930களில் நோர்வேயில் ஒரு இராணுவ அதிகாரி மீன்வலையிலேயே உள்சட்டை தைத்தார். துவாரங்களில் தங்கும் காற்றுதான் அதன் சூடு. 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவினரிடமும் வலைப் பெனியன் இருந்தது. அதற்கும் முன்னால், 1924இல் அதே மலையில் மறைந்த மல்லோரி பட்டு, பருத்தி, கம்பளி என்று மெல்லிய துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்தியிருந்தார்; 1999இல் உடல் கிடைத்தபோது துணிகளும் கிடைத்தன.

மாமா ஐந்து பெனியனையும் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். சற்று நேரத்தில் பையனின் அம்மா வந்து இரண்டைத் திரும்ப உள்ளே வைத்தார். "வீட்டுக்குள்ள ஹீட்டர் போடுவாங்கதானே அண்ணே, அப்ப எதைப் போடுவான்?"

மாமா யோசித்துவிட்டு, மூன்றாவதையும் எடுத்துக் கொடுத்தார்.