பற்சக்கரங்கள் சுமந்த வெற்றி

1969 ஜூன் மாதத்து ஞாயிறு இரவொன்றில், கொழும்பில் தமிழ் நாளிதழொன்றின் ஆசிரியபீடத்தில் பயிலுநராக இருந்த நான், வெளிநாட்டு விளையாட்டுச் செய்தியொன்றைத் தமிழாக்கிக் கொண்டிருந்தேன். பிரான்ஸின் லு மான் நகரில் நடைபெற்ற 24 மணி நேர மோட்டார் ஓட்டப் போட்டியில் ஜக்கி இக்ஸும் ஜக்கி ஒலிவரும் போர்ட் ஜி.ரி.40 காரில் வெற்றியீட்டியிருந்தனர். இரண்டாவதாக வந்த போர்ஷேக்கும் அதற்குமிடையே சுமார் 120 மீற்றர் இடைவெளிதான். சாரதிகளையும் இயந்திரத்தையும் புகழ்ந்து ஆறு வரிகள் எழுதினேன். கியர் பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

அதன் கதையைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன். இயந்திரம் சாரதிக்குப் பின்னால் அமைந்த இத்தகைய கார்களில் கியர் பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டினுள் அடங்கியிருக்கும். அதனை ட்ரான்ஸ்அக்சில் என்பர். 1964இல் மூன்று ஜி.ரி.40 கார்கள் முதன்முறையாக லு மானில் ஓடின. ஒன்று தீப்பற்றியது. மற்ற இரண்டும் கொலோட்டி கியர் பெட்டி பழுதடைந்து ஒதுங்கின. அதன் இடத்துக்கு ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தின் ஐந்து கியர் பெட்டி வந்தது. பின்னர் 7 லீற்றர் இயந்திரத்தைப் பொருத்தினர்; 1966இல் அதன் வலு 485 குதிரைவலுவை எட்டியது. அதற்கென நான்கு கியர் கொண்ட வேறொரு பெட்டியை போர்ட் அமைத்தது. அவ்வாண்டு முதல் மூன்று இடங்களும் போர்டுக்கே. 1968, 1969 ஆகிய ஈராண்டுகளும் வென்றது ஒரே கார், 4.9 லீற்றர் இயந்திரமும் இசட்.எஃப். பெட்டியும் கொண்டது.

குதிரைவலுவைக் கண்டு மயங்குவோர் பலர். ஆயினும் பற்களை முறிப்பது முறுக்குவிசையே. கூட்டினுள் இரு தண்டுகளுக்கிடையிலான தூரம் மாறாதது. ஆகவே பற்சக்கரங்களின் பருமனுக்கும் எல்லையுண்டு. கியர்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் அதே கூட்டில் அகலமான பற்களை அமைக்கலாம். போர்ஷே தனது முதல் 911 டர்போவுக்கு நான்கு கியர்களே வைத்ததும் இதனாற்றான். டயரின் பிடிமானமும் முக்கியம். வழுக்கும் டயர் அதிர்ச்சியின் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடும். இறுகப் பற்றும் டயர் அதனைப் பற்களின்மீதே திருப்பிவிடும். இசட்.எஃப். பெட்டி கொண்ட டி தொமாசோ பன்தேரா போன்ற பழைய கார்களின் இயந்திரத்தை இன்று வலுப்படுத்துவோர், முதலில் இந்தக் கணக்கையே பார்க்க வேண்டும்.

இதனை எண்ணும்போதெல்லாம் எமது ஒப்புநோக்காளர் ஐயா என் நினைவில் வருகிறார். பிற்காலத்தில் பத்திரிகையின் பக்கங்கள் எட்டிலிருந்து பன்னிரண்டாயின. அவரது மேசைக்கு மேலதிகமாக ஒருவரும் வரவில்லை. நாம் எழுதிக் குவித்தவை அனைத்தும் அவரது கண்களினூடாகவே அச்சுக்குச் சென்றன. ஒருநாள் மரண அறிவித்தலொன்றில் பெயர் மாறிப்போயிற்று. பழி அவர்மீது விழுந்தது. அவர் வேலையை விட்டு விலகினார். அந்த அறிவித்தலை நள்ளிரவில், அவசரமாக அவரிடம் கொடுத்தவன் நான். அதை நான் எவரிடமும் சொல்லவில்லை.

இயந்திரத்தைப் பெருப்பிப்பவன், அதன் சுமை எங்கே சென்று இறங்கும் என்பதையும் கேட்டாக வேண்டும். லு மானில் அதனைக் கேட்டறிந்து திருத்த அவர்களுக்கு ஈராண்டுகள் போதுமாயிருந்தன. நான் கேட்கத் தொடங்கியபோது ஐயா உயிருடன் இல்லை.