ராத்திரி ரெண்டு மணிக்கு உரிச்ச விதைக்கடலை

ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கிறது எனக்குப் புதுசு இல்லீங்க. த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்ப வருதோ அப்பத்தான் தண்ணி. இருபது வருஷமா டார்ச்சும் கையுமா தென்னந்தோப்புக்குள்ள நடந்து பழகுன கால் இது. ஆனா இந்த ஜூன் மாசம் மட்டும் அந்த நேரத்துல என்கூட ரெண்டு வாண்டுங்களும் முழிச்சுக்கிட்டு நின்னாங்க. "அப்புச்சி, பசிக்குது" அப்படின்னு.

பொண்ணு டல்லாஸ்ல இருக்கா. பேத்திக்குப் பத்து வயசு, பேரனுக்கு ஏழு. அங்க இருந்து பதினஞ்சு மணி நேரம் பறந்து வளைகுடாவுல இறங்கி, வேற விமானம் ஏறி நாலு மணி நேரத்துல கொச்சி, அங்கிருந்து கார்ல பாலக்காடு வழியா பொள்ளாச்சி. வீட்டுல கிளம்பினதுல இருந்து வாசல்ல வந்து இறங்குற வரைக்கும் முப்பது மணி நேரத்துக்கு மேல ஆயிருது. கோடை காலத்துல நமக்கும் அவங்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். நமக்கு மத்தியானம் பன்னண்டுன்னா அவங்களுக்கு ராத்திரி ஒண்ணரை.

இதெல்லாம் எனக்கு இப்பத்தான் மனப்பாடம். மூணு வருஷம் முன்னாடி தெரியாது. தெரியாம நான் பண்ணின காரியத்தை முதல்ல சொல்லிடறேன்.

அந்தத் தடவை அவங்களுக்குப் பதினாறு நாள்தான் லீவு. பதினாறு நாளையும் நானே திட்டம் போட்டு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன். வந்த அன்னைக்குச் சாயங்காலம் பங்காளி வீடு, அடுத்த நாள் குலதெய்வம், மூணாம் நாள் பேரனுக்குப் பழனியில மொட்டை. "அப்பா, குழந்தைங்க இன்னும் தூக்கத்துல இருந்து தெளியலைங்க, ஒரு வாரம் கழிச்சுப் போலாங்க"ன்னு பொண்ணு சொன்னா. "அங்க மட்டும் தூங்காமயா இருக்கீங்க? ரெண்டு நாள் முழிச்சா சரியாப் போயிரும் அம்மிணி"ன்னு நான்தான் வாயை அடைச்சேன். நாம நாத்து நட்டா அடுத்த நாளே கதிர் வரணும்னு நினைக்கிறவன் இல்ல. ஆனா பெத்த பிள்ளைங்க விஷயத்துல அந்தப் பொறுமை எங்கயோ போயிருச்சு.

மொட்டை நல்லபடியாத்தான் முடிஞ்சது. மலையடிவாரத்துல சாப்பிட்டுட்டு மத்தியானம் கிளம்பினோம். மாப்பிள்ளைதான் வண்டி ஓட்டினார். நல்லா ஓட்டுவார். உடுமலை தாண்டி மணி மூணு இருக்கும், வண்டி மெல்ல ரோட்டை விட்டு இறங்குது. யாரும் கத்தலை. ஏன்னா வண்டிக்குள்ள எல்லாரும் தூக்கம், ஓட்டுறவரும் சேர்த்து. மண்ணுல சக்கரம் இழுத்து, புளியமரத்துக்கு ரெண்டடி முன்னாடி நின்னுச்சு. என் வீட்டுக்காரிக்கு முன்சீட்டுல இடிச்சு நெத்தியில நாலு தையல். குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகலை. மாப்பிள்ளை ரோட்டோரம் உக்காந்து கையெல்லாம் நடுங்க அழுதார். நான் கணக்குப் போட்டுப் பாக்கவே இல்ல. அவர் உடம்புக்கு அப்ப மணி விடியக்காலம் நாலரை. மனுஷ உடம்பு அடியோட சோர்ந்து கிடக்குற நேரம் அது. ராத்திரி லாரி ஓட்டுறவங்களைக் கேட்டுப் பாருங்க, எந்த நேரத்துல கண்ணு சொருகும்னு அவங்க சொல்லுவாங்க.

மிச்ச நாளும் அப்படித்தான் போச்சு. பகல்ல குழந்தைங்க தூக்கம், ராத்திரி விளையாட்டு. எங்கம்மாவுக்கு அப்ப எண்பத்தி மூணு வயசு. கொள்ளுப்பேரனைப் பாக்க காலையில குளிச்சு, வெள்ளைச் சேலை கட்டி, கட்டில்ல வந்து உக்காந்துக்கும். பையன் தூங்குவான். எழுப்பினா அழுவான். மொகத்தைப் பாத்தது மொத்தமா நாலு நாள் இருக்கும். ஊருக்குக் கிளம்புறப்ப பொண்ணு சொன்னா: "இனி வந்தா ஒரு மாசம் லீவு கிடைச்சாத்தான் வருவேங்கப்பா. இல்லாட்டி வரலை." கோவத்துல சொல்லலை. அதுதான் எனக்கு வலிச்சது. சொன்னபடியே மூணு வருஷம் வரலை.

இந்த மூணு வருஷத்துல நான் கொஞ்சம் படிச்சுக்கிட்டேன். படிக்கப் படிக்க, அட இது நமக்குத் தெரிஞ்ச விஷயமாச்சேன்னு ஆயிருச்சு.

நம்ம ரோட்டோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தைப் பாத்திருப்பீங்க. பொழுது சாஞ்சா இலையை மடக்கிக்கும், விடிஞ்சா விரிக்கும். வெளிச்சத்தைப் பாத்துத்தான் அப்படிப் பண்ணுதுன்னு நினைப்போம். 1729-லயே பிரான்சுல தெ மெய்ரான்னு ஒருத்தர், தொட்டாச்சிணுங்கி மாதிரி ஒரு செடியை இருட்டுக்குள்ள வெச்சுப் பாத்திருக்கார். வெளிச்சமே இல்லாமயும் அது பகல்ல விரிஞ்சு, ராத்திரி மடங்கியிருக்கு. அப்ப செடிக்குள்ளயே ஒரு கடிகாரம் ஓடுதுன்னுதானே அர்த்தம். அந்தக் கடிகாரம் உயிர் அணுவுக்குள்ள எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச மூணு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு, ஹால், ரோஸ்பாஷ், யங்னு பேரு, 2017-ல மருத்துவ நோபல் கொடுத்தாங்க.

நமக்கும் அது மூளைக்குள்ள இருக்கு. கண்ணுல இருந்து வர்ற நரம்புகள் குறுக்கே போற இடத்துக்கு மேல, அரிசி மணி அளவுல ஒரு நரம்புக் கூட்டம். வெளிச்சத்தைப் பாத்துத்தான் அது தன்னைச் சரி பண்ணிக்குது. வயிறு, ஈரல் இதுக்கெல்லாம் தனித்தனியா ஒரு கடிகாரம் உண்டு, அதுங்க சாப்பாட்டு நேரத்தையும் பாக்கும். விமானம் ஒரே நாள்ல பத்தரை மணி நேரத்தைத் தாண்டிரும். உடம்பு ஒரு நாளைக்குச் சுமாரா ஒரு மணி நேரம்தான் நகரும். அதனால பத்தரை மணி நேரத்துக்குப் பத்து நாளு. பழகிக்கிட்டா ரெண்டு நாள்ல சரியாகும்னு நான் சொன்னது எவ்வளவு முட்டாள்தனம் பாருங்க. எங்க கறவை மாட்டுக்குப் பால் கறக்குற நேரத்தை ரெண்டு மணி நேரம் தள்ளினாலே பாலை அடக்கிக்கிட்டு நாலஞ்சு நாள் முறைச்சுக்கிட்டு நிக்கும். மாட்டுக்கு விட்டுக்கொடுத்த நான் மாப்பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கலை.

வெளிச்சத்தோட சக்தியும் நம்மாளுங்களுக்குத் தெரியாததா? முட்டைக்கோழிப் பண்ணையில விடியறதுக்கு முன்னாடியும் இருட்டினப்புறமும் பல்பு போட்டுப் பகலைப் பதினாறு மணி நேரமா நீட்டுறாங்க. சாமந்தி போடுறவங்க தோட்டத்துல வரிசையா பல்பு கட்டி ராத்திரியை உடைச்சு, பூக்குற நாளைத் தள்ளி வெக்கிறாங்க. கோழிக்கும் பூவுக்கும் பண்றதைக் குழந்தைக்குப் பண்ண நமக்குத் தோணலை.

இந்த வருஷம் இருபத்தாறு நாள் லீவோட வந்தாங்க. முதல்லயே நோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன். கொச்சிக்கு நல்லாத் தூங்கி எழுந்த டிரைவர் ஒருத்தரை அனுப்பினேன். மாப்பிள்ளைகிட்ட, "ஒரு வாரத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுங்க மாப்ள"ன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் பேசலை, என் கையைப் பிடிச்சுக்கிட்டார். முதல் எட்டு நாள் எந்த ஊருக்கும் போறதில்லை, யாரும் வீட்டுக்கு வர வேண்டாம்னு சொந்தக்காரங்களுக்கும் சொல்லிட்டேன். ரெண்டு பேருக்கு வருத்தம்தான். பரவால்லைன்னு விட்டுட்டேன்.

பொண்ணையும் மாப்பிள்ளையையும் ராத்திரி தூங்கச் சொல்லிட்டு, குழந்தைங்களோட ராத்திரி ஷிப்டை நான் எடுத்துக்கிட்டேன். எப்படியும் மோட்டாருக்கு எந்திரிக்கிறவன்தானே.

முதல் நாள் ராத்திரி ஒண்ணரைக்கே பேரன் முழிச்சுட்டான். அவனுக்கு அது சாயங்காலம் மூணு மணி, பள்ளிக்கூடம் விடுற நேரம். பசிக்காம இருக்குமா? என் வீட்டுக்காரி படுக்குறப்பவே ரெண்டு இட்லி, பூவன்பழம், கொஞ்சம் பால் எடுத்து வெச்சிருந்தா. அதை மட்டும் கொடுத்தேன். பெரிய லைட்டு போடலை, செல்போனும் டிவியும் கிடையாது. ராத்திரி வெளிச்சம் கண்ணுல பட்டா, தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்குறது குறைஞ்சு போகும். சின்ன மஞ்ச பல்பு ஒண்ணு மட்டும் எரிஞ்சுது. பையனுக்குப் படுக்கவும் முடியலை, உக்காரவும் முடியலை. பேத்தியும் எந்திரிச்சு வந்துட்டா.

அப்பத்தான் திண்ணையில இருந்து சத்தம் வந்துச்சு. "யாரு சாமி அங்க?"

எங்கம்மா. எண்பத்தி ஆறு வயசு. எட்டு மணிக்குப் படுத்தா ஒரு மணிக்கு முழிப்பு வந்துரும். அப்புறம் விடியற வரைக்கும் இருட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். வருஷக்கணக்கா இப்படித்தான். இதைச் சரி பண்ண வழியிருக்கான்னு டாக்டர்கிட்டக் கூடக் கேட்டிருக்கேன். அந்த ராத்திரிதான் எனக்கு உறைச்சது. இந்த வீட்டுல அந்த நேரத்துல முழிச்சிருக்குறது மூணே பேரு, அந்த மூணு பேரையும் நான் மூணு வருஷமா பகல்ல சந்திக்க வெக்கப் பாத்திருக்கேன்.

ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை மூட்டை திண்ணையிலயே இருந்துச்சு. விதைக்குன்னா கையாலதான் உரிக்கணும், மெஷின்ல போட்டா தோல் கிழிஞ்சு முளைப்பு குறையும். அம்மா ஒரு முறத்தை எடுத்து முன்னாடி வெச்சுது. "இப்படி மூக்கைப் பாத்து அமுக்கு கண்ணு. தோல் சிவப்பா முழுசா இருந்தா விதைக்கு. கிழிஞ்சா உன் வாய்க்கு." பேரனுக்கு முதல் நாள் பூரா கிழிஞ்சதுதான். வேணும்னேதான் கிழிச்சான்னு நினைக்கிறேன்.

அவன் தமிழ் பாதி, இங்கிலீஷ் பாதி. அம்மாவுக்குக் காது பாதி. ஆனாலும் பேச்சு நடந்துச்சு. எங்கப்பா கிணறு வெட்டின கதை, கவலை ஓட்டின காலம், புலி வந்ததுன்னு ஊரே ஓடினது. "அந்தப் புலி எங்க இப்போ?"ன்னு அவன் கேக்க, "மலைக்குப் போயிருச்சு, நீ வந்தது தெரிஞ்சா வரும்"னு அம்மா சொல்ல, பேத்தி விழுந்து விழுந்து சிரிச்சா. நான் மோட்டார் போட்டுட்டு வந்து ஓரமா நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். இதுல பாதிக் கதை எனக்கே புதுசு. நான் எப்ப உக்காந்து கேட்டேன்?

நாலரைக்குக் கட்டுத்தரைக்குக் கூட்டிக்கிட்டுப் போவேன். பால் கறக்குறதைப் பாத்துட்டு, சொசைட்டிக்கு என்கூட வண்டியில வருவாங்க. பகல்ல ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ள வெக்கலை. தோப்பு, வாய்க்கால், கன்னுக்குட்டின்னு வெளிச்சத்துலயே விட்டேன். மத்தியானம் சொக்கும்போது தூங்க விட்டோம், ஆனா ஒரு மணி நேரத்துல எழுப்பிருவோம். எழுப்புறதுதான் கஷ்டம். அப்ப பொண்ணு மனசைக் கல்லாக்கிக்குவா. சாப்பாடு மூணு வேளையும் நம்ம ஊரு நேரத்துக்குத்தான். தூக்கம் வர வெக்க சளி மருந்து கொடுங்கன்னு ஒருத்தர் யோசனை சொன்னார். வேண்டவே வேண்டாம்ங்க. டாக்டர் சொல்லாம குழந்தைக்கு அப்படி எதையும் கொடுக்கக் கூடாது.

நாளுக்கு நாள் முழிக்கிற நேரம் தள்ளிப்போச்சு. ஒண்ணரை ரெண்டரையாச்சு, மூணே முக்கால் ஆச்சு. பேத்தி ஆறாம் நாளே சரியாயிட்டா, பையனுக்குப் பத்து நாள் ஆச்சு. பகலும் ராவும் தலைகீழா மாறுற தூரம்ங்கிறதால எல்லார் உடம்பும் ஒரே மாதிரி திரும்புறது இல்லை. பதினொண்ணாம் நாள் விடியக்காலம் அஞ்சரை வரைக்கும் தூங்கினான். வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். எங்கம்மா மட்டும் காலையில கேட்டுச்சு: "பையன் ராத்திரி வரவே இல்லையே, ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?"

என்ன சொல்றதுன்னு தெரியலை எனக்கு.

அப்புறம் கோயிலுக்குப் போனோம், பங்காளி வீட்டுக்கெல்லாம் போனோம். எல்லாரும் முழிச்சிருந்தோம். பழனிக்கும் போனோம், அதே ரோட்டுல. அந்தப் புளியமரம் வந்தப்ப மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி இறங்கி, ஒரு நிமிஷம் நின்னுட்டு ஏறிக்கிட்டார்.

ஜூலை முதல் வாரம் கிளம்பிப் போயிட்டாங்க. அங்க போயும் ஒரு வாரத்துக்கு மேல குழந்தைங்க பகல்ல தூங்கி வழிஞ்சிருக்காங்க. பள்ளிக்கூடம் திறக்க நாள் இருந்ததால தப்பிச்சாங்க. அதனால, வெளிநாட்டுல பிள்ளைங்க இருக்குறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். வர்ற நாள்ல முதல் வாரத்தை அவங்க உடம்புக்குக் கொடுத்துருங்க. கேக்காதீங்க, கூப்பிடாதீங்க, வண்டி ஓட்ட விடாதீங்க. அந்த வாரம் வீணாப் போகுதேன்னு நினைக்க வேண்டாம்.

அந்த ராத்திரிகள்ல உரிச்சது நாலு படி விதை தேறுச்சு. ஆடியில விதைச்சோம். தனியா ஒரு பாத்தி, பேரன் பேருல. ஆறாம் நாள் முளை வந்துச்சு.

இப்ப ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். நான் மோட்டாருக்கு எந்திரிக்கிற ரெண்டரை மணி, அங்க சாயங்காலம் நாலு. பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஏதாச்சும் கொறிக்கிற நேரம். திண்ணையில அம்மா பக்கத்துல உக்காந்து போனைப் போட்டுக் கையில கொடுத்துருவேன். ராத்திரி வெளிச்சம் கண்ணுக்கு ஆகாதுதான். எண்பத்தி ஆறு வயசுல அதெல்லாம் பரவால்லைங்க.

நேத்து அவன் கேட்டான், "பெரிய ஆத்தா, கடலை எவ்வளவு உயரம்?"

அம்மா முழங்கையைக் காட்டுச்சு. உண்மையில அதுல பாதிதான் இருக்கும்.