மூல வைகை சொல்லும் சேதி

கடமலைக்குண்டு தாண்டி மயிலாடும்பாறைக்குப் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்காருங்கள். மூல வைகை கண்ணில் படும். கோடையில் வெறும் மணல்தான். வருசநாட்டு மலையில் மழை பிடித்துவிட்டால் செந்நீர் புரண்டு வரும். ஆனாலும் போக வழி இருக்கிறது. நேரே வைகை அணை. அங்கே 71 அடியில் 66 தொட்டதுமே கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை.

இதே ஆற்றின் கரையில்தான் மதுரை. 2024 அக்டோபர் 25 பிற்பகல், 15 நிமிடத்தில் 4.5 செ.மீ. மழை கொட்டியது. செல்லூர் தெருக்களில் வெள்ளம், வீட்டுக்குள்ளும் தண்ணீர். வைகை உடைத்துக்கொண்டு வந்ததல்ல இது. பெய்த மழைக்கு வைகைக்குப் போக வழியில்லை! செல்லூர் கண்மாயின் உபரிநீரைச் சுமக்கவேண்டிய பந்தல்குடி கால்வாய், சாக்கடையும் குப்பையுமாகத் தூர்ந்து கிடந்தது. யாரைக் கேட்பது? மாநகராட்சிக் கட்டடம் நிற்பதே தல்லாகுளம் கண்மாயில். உயர் நீதிமன்றக் கிளை இருப்பது உலகனேரி கண்மாயில்.

2025 மே கடைசியில் முதல்வர் மதுரை வந்தபோது, அந்தக் கால்வாய் கண்ணில் படாதபடி துணி கட்டி மறைத்தார்கள். விஷயம் வெளியே வந்ததும், அவர் நேரிலேயே போய்ப் பார்த்தார்.