குசினி மேசையில் ரிக்கெற்

2022 டிசம்பரில் பலாலிக்கும் சென்னைக்கும் இடையில் திரும்ப பிளேன் ஓடத் தொடங்கினபோதுதான் எங்களுக்கும் அந்த யோசனை வந்தது. ஒரு பழைய லப்ரொப், குசினி மேசை, நாங்கள் இரண்டு பேர். ரிக்கெற்றைக் கொழும்பு ஏஜென்சி ஒன்றிடம் எடுத்துக் கொடுப்போம். மிஞ்சுவது சின்னக் கொமிஷன்.

முதல் ஆள் பக்கத்து வீட்டு ஆச்சி. சிதம்பரம் போகவேணுமாம். கடவுச்சீட்டைப் பாராமல் ஊர் கூப்பிடுகிற பெயரையே அடிச்சுக் குடுத்திட்டம். (ஆச்சிக்கு வேறு பெயர் இருக்குமென்று யார் கண்டது!) பெயரை மாத்தேலாது, புது ரிக்கெற்தான் என்றார்கள். ரியூஷன் குடுத்துச் சேர்த்த காசு அதோடு போச்சு. ஆச்சிக்கு நாங்கள் சொல்லேல்லை.

திரும்பி வந்து விபூதி தந்தா. "அடுத்தமுறை தங்கச்சியும் வாறாள், நீங்களே எடுத்துத் தாங்கோ பிள்ளையள்."

"அவவின்ர பாஸ்போட்டை முதல் கொண்டு வாங்கோ ஆச்சி" என்றம்.