தாய்க்கரடி பிள்ளையைத் துரத்தும் காலம்

வட அமெரிக்கக் கருங்கரடிகள் இணை சேரும் காலம் வசந்தத்தின் இறுதியில் தொடங்கி ஜூலை வரை நீடிக்கிறது. புற்றைத் தோண்டிக் கறையான் உண்ணும் நம் நாட்டுக் கரடியோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா. இஃது வேறு இனம். டென்னசி மாநிலத்துப் பங்கு ஒன்றில் சில வாரங்கள் துணைப்பணி ஆற்றச் சென்றிருந்தபோது, ஒரு ஜூன் மாதத்தில் அவற்றை நேரில் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பங்குக் குடும்பம் ஒன்று நம்மைக் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றது. 1934-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அப்பூங்காவில் ஏறத்தாழ 1,900 கரடிகள் வாழ்வதாக மதிப்பிடுகின்றனர்.

அங்குள்ள கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கை 11 மைல் நீளமுள்ள ஒருவழிச் சாலை சுற்றி வருகிறது. புல்வெளியின் ஓரத்தில் ஒரு தாய்க்கரடியும் அதன் ஓராண்டுக் குட்டியும் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் பின்னே, மரங்களுக்கிடையில், பெரிய ஆண்கரடி ஒன்று தரையை மோப்பம் பிடித்தவாறு மெல்ல நடந்து வந்தது. திடீரெனத் தாய் திரும்பிற்று. சீறிக்கொண்டு தன் குட்டியின்மீதே பாய்ந்தது. குட்டி மரத்தில் ஏறி முனகிற்று. தாயோ அண்ணாந்தும் பாராமல் காட்டுக்குள் சென்றது, ஆண்கரடியும் பின்தொடர்ந்தது.

நம்மருகே நின்ற பெண்மணி ஒருவர் கண் கலங்கி, தம் பையிலிருந்த ரொட்டியை எடுத்தார். பூங்காத் தொண்டர் அவரைப் பணிவாகத் தடுத்தார். கரடியை 50 கெசத்துக்குள் வேண்டுமென்றே நெருங்குவதும் அதற்கு உணவிடுவதும் அங்கே குற்றம். மனிதர் கைச்சோற்றுக்குப் பழகிய கரடி அச்சம் நீங்கி வீடுகளையும் வண்டிகளையும் நாடும். முடிவில் அதனைக் கொல்ல நேரிடுவதும் உண்டு.

தாயின் சீற்றத்தைக் கொடுமை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. குளிர்கால வளையில், கால் கிலோ எடைகூடத் தேறாத பிள்ளையை ஈன்று, தான் ஒன்றும் உண்ணாமலே பாலூட்டி வளர்த்தவள் அவள். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு உடன் வைத்திருந்து, மரமேறவும் இரை தேடவும் பழக்கியாயிற்று. முதிர்ந்த ஆண்கரடிகளால் இளங்கரடிகளுக்கு உயிராபத்தும் உண்டு. எனவே இவ்வேளையில் குட்டி விலகியிருத்தலே அதற்குக் காப்பு. மகனை விடுதியில் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் விரைந்து நடக்கும் நம் ஊர்த் தாய்மாரை ஜூன் மாதந்தோறும் கண்டிருக்கிறோம். அவர்கள் முகமே நம் நினைவுக்கு வந்தது. தந்தைக்கரடியைப் பற்றிச் சொல்லத்தக்க பெருமை எதுவுமில்லை. சில நாள் உடனிருந்து அது தன்வழியே போய்விடும். பிள்ளை வளர்ப்பில் அதற்குப் பங்கில்லை.

யாவற்றினும் வியப்பானது பின்னர் நிகழ்வது. கோடையில் உருவான கரு உடனே வளர்வதில்லை. கருப்பையில் ஒட்டாமல் மாதக்கணக்கில் காத்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் ஓக் மரக்கொட்டைகளை உண்டு தாய் போதிய கொழுப்பைச் சேர்த்தால்தான், நவம்பர் வாக்கில் அது ஒட்டி வளரத் தொடங்கும்; குட்டி பிறப்பது ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். கொட்டை விளைச்சல் பொய்த்துத் தாய் மெலிந்துபோனால், கரு தங்காமலே போகலாம்.

மரத்திலிருந்த குட்டி நெடுநேரம் கழித்து இறங்கிற்று. தாய் சென்ற திசையை மோந்து பார்த்தது. பிறகு எதிர்ப்புறம் சென்று புல் மேயத் தொடங்கியது. பெண்குட்டியாயின் தாய் நடமாடும் எல்லைக்குள்ளேயே ஓரிடத்தில் அது தங்கிவிடக்கூடும். ஆண்குட்டிகளோ பெரும்பாலும் மலைகளைத் தாண்டி, அறியாத காடுகளைத் தேடிச் சென்றுவிடுகின்றன.