கேட்கத் தெரிந்த கர்னல்

படையில் அதிகாரி சொல்வார், சிப்பாய் கேட்பார். தாமஸ் வென்ட்வர்த் ஹிக்கின்சனின் அமெரிக்க உள்நாட்டுப் போர் நினைவுகளைப் படிக்கும்போது, இந்த வழக்கம் மாறிப்போகும் இரண்டு இடங்களில் நான் நின்றுவிடுவேன்.

ஹிக்கின்சன் மாசசூசெட்ஸ்காரர், பாதிரியாராக இருந்தவர். 1854-இல் பாஸ்டனில், தப்பிவந்த அடிமை அந்தோணி பர்ன்ஸை மீட்கப் போய் முகவாயில் வெட்டுப்பட்டவர். 1862 நவம்பரில் தென் கரோலினாவின் போர்ட் ராயல் தீவுக்கு வந்து, அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களைக் கொண்ட முதலாம் தென் கரோலினா தொண்டர் படைக்குக் கர்னல் ஆனார்.

1863 ஜனவரி 1. ஓக் மரத்தோப்பில் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. படைக்கு வழங்கப்பட்ட கொடியைக் கையில் வாங்கிய ஹிக்கின்சன் பேசத் தொடங்குமுன், மேடையருகே ஒரு முதியவரின் கரகரத்த குரல் தேசத்தை 'என் நாடு' என்று வாழ்த்தும் பாட்டை எடுத்தது. இரண்டு பெண்குரல்கள் சேர்ந்துகொண்டன; பிறகு இன்னும் பல. மேடையிலிருந்த வெள்ளையர்களும் கூடவே பாடத் தொடங்கினார்கள். ஹிக்கின்சன் அவர்களைக் கையமர்த்தினார். அந்த நாட்டை 'என் நாடு' என்று அந்த மக்கள் முதன்முதலாகச் சொல்லும் நேரம் அது.

இன்னோர் இடம் இரவில். சிப்பாய்கள் தீயைச் சுற்றி நின்று பாடுகிறார்கள். கர்னல் ஓசைப்படாமல் வந்து நின்று, இருட்டில் சட்டைப்பைக்குள்ளேயே கையை வைத்துப் பாட்டைக் கிறுக்கிக்கொள்கிறார். அப்படிச் சேர்த்தவற்றை 1867-இல் அட்லாண்டிக் மாத இதழில் வெளியிட்டார்.

அவர் எழுத்தில் குறை இல்லாமல் இல்லை. தம் வீரர்களைக் குழந்தைகளாகப் பார்க்கும் வரிகள் இன்று உறுத்துகின்றன. ஆனால் கேட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். அதே சம்பளம் தருவதாகச் சேர்த்துக்கொண்ட இவர்களுக்கோ 10 டாலர், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். இதை எதிர்த்துப் பத்திரிகைகளுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். 1864-இல் சமச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. ஆனால், போர் தொடங்கியபோதே சுதந்திரமாக இருந்தவர்களுக்குத்தான் முழுப் பாக்கி என்று அது பிரித்தது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு வழி பிறக்க 1865 மார்ச் வரை ஆயிற்று.

ஒடுக்கப்பட்டவர்களுக்காக எழுத உட்காரும்போதெல்லாம் மேடையில் உயர்ந்த அந்தக் கை எனக்கு நினைவுக்கு வருகிறது. அவர்கள் பாடி முடித்துவிட்டார்களா என்று ஒருமுறை காது கொடுத்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.