அம்மம்மாவின் ரிமோட்

இடுப்பு உடைஞ்சு அம்மம்மா கட்டிலோட ஆனபிறகு பழைய ரீவியை அவவின்ர அறைக்குள்ள வைச்சம். டிஷ் பெட்டி ஹோலிலதான். அங்கயிருந்து கேபிள் இழுக்க படம் வந்திட்டுது. ஆனா சனல் மாத்திறதெண்டா ஆரையாவது கூப்பிட வேணும். "பிள்ளை, ஒருக்கா மாத்திவிடு" எண்டு முதல் கிழமை கூப்பிட்டா. பிறகு கூப்பிடுறதை விட்டிட்டா. ஒருநாள் போய்ப் பாத்தா ரீவியில கிரிக்கெட் ஓடுது, அவ முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறா. எனக்கு ஒரு மாதிரிப் போச்சு.

ரிமோட்டில இருந்து வாறது அகச்சிவப்பு ஒளி. சுவரைத் தாண்டாது. அவவின்ர அறையில ஒரு மூண்டு கால் ரிசீவர், ஹோலில பெட்டிக்கு முன்னால ஒரு எல்.ஈ.டி, நடுவில ஒரு ட்ரான்சிஸ்டரும் நீள வயரும். வேலை முடிஞ்சுது எண்டு நினைச்சன். ரிமோட்டை அமத்த, போனின் முன்கமராவில எல்.ஈ.டி ஊதா நிறத்தில மினுங்கினது வடிவாத் தெரிஞ்சுது. பெட்டி மட்டும் அசையேல்லை.

இரண்டு இரவு மண்டை காஞ்சு, கடைசியில ரிசீவரின் விவரத்தாளை ஒழுங்கா வாசிச்சன் (கலைப்பீடக்காரருக்கு வாசிப்பாவது வரவேணுமே). வெயிலிலும் குண்டு பல்பிலும்கூட அகச்சிவப்பு இருக்கிறது. அவற்றோடு குழம்பாமல் இருக்க, ரிமோட் தன் ஒளியைச் செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கவிட்டு அனுப்புகிறது. பெட்டியின் கண் அந்தத் துடிப்பை மட்டுமே மதிக்கும். ரிசீவரோ துடிப்பைக் கழித்துவிட்டுக் குறியீட்டை மட்டும் வெளியே தரும். நான் அந்தத் துடிப்பில்லாத குறியீட்டைத்தான் எல்.ஈ.டிக்குக் குடுத்துக்கொண்டிருந்திருக்கிறன்!

ஒரு 555 ஐசியைப் போட்டுத் துடிப்பைத் திரும்பக் குடுத்தன். சின்ன ப்ரீசெட்டைத் திருகித் திருகி 38 கிலோஹேர்ட்ஸுக்குக் கிட்டக் கொண்டுவர, பெட்டி கேட்டுது. எல்.ஈ.டியைப் பெட்டியின் கண்ணில கறுப்பு ரேப்பால ஒட்டிவிட்டன்.

அம்மம்மாவின்ர கையில ரிமோட்டைக் குடுத்தன். அவ ஒண்டையும் பாக்கேல்லை. மேல போறா, கீழ வாறா, திரும்ப மேல போறா.

ஒரு பெட்டிக்கு இரண்டு ரீவி எண்டதை நான் யோசிக்கேல்லை. ஹோலில இருந்து அப்பா கத்தினார்: "ஆர் நியூஸை மாத்தினது?"

அறைக்குள்ள இருந்து ஒரு சத்தமும் வரேல்லை. சனல் மட்டும் இன்னொருக்கா மாறிச்சுது.